மிஷன் இல்லங்கள் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை எப்படிக் காக்கின்றன? தமிழ்நாட்டுச் சேவை பற்றி ஒரு மதிப்புரை

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பிள்ளை சொந்த வீட்டில் இருக்க முடியாத நிலை வந்தால், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழு அந்தப் பிள்ளையை அனுப்பிவைக்கும் இடம் பல நேரங்களில் ஒரு திருச்சபையோ துறவற சபையோ நடத்தும் இல்லமாக இருக்கிறது. போதகர், தலைமை ஆசிரியர், பிள்ளையின் அம்மா, மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த இடம் நல்ல இடமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரவும் பகலும் கூடவே இருப்பது, பல வருஷம் கைவிடாமல் தொடர்வது ஆகிய இரண்டிலும் மிஷன் இல்லங்களுக்கு ஈடு சொல்வது கடினம். மருத்துவம், மனநலச் சிகிச்சை, நீதிமன்ற வேலை மூன்றும் இல்லத்துக்கு இல்லம் மாறுகின்றன. பிள்ளைக்கு நடந்ததை ரகசியமாக வைத்திருப்பதில்தான் நல்ல பெயருள்ள இல்லங்களும் தடுக்கி விழுகின்றன. அதனால் எங்கள் அளவுகோல் இது: நடந்ததை இந்தப் பிள்ளை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது? அவர்களில் எத்தனை பேருக்கு அதைக் கேட்க வேண்டிய வேலை இருந்தது?

இந்தச் சேவைக்கு இங்கே நீண்ட வேர் உண்டு. 1901இல் ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து மிஷனரி, கோவிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்ததிலிருந்து தொடங்குகிறது அது. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் அவருடைய இல்லம் வளர்ந்தது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். தேவதாசி முறையைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் வந்ததோ 1947இல்தான். டோனாவூர் விட்டுச்சென்றதில் இன்றைக்கும் பொருந்துவது அதன் அமைப்பு: பெரிய கூடம் போட்டு நூறு பாய் விரிக்காமல், சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு ஒரு அக்கா, அந்த அக்காவோடு சில பிள்ளைகள். நல்ல இல்லங்கள் இன்றும் இந்த வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன. பொருந்தாததும் உண்டு. 1909இல் அவர் எழுதி வெளியான புத்தகம் ஒன்று நிறைய, அழகழகான குழந்தைகளின் படங்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. இன்று அப்படிச் செய்தால் குற்றம். சில இல்லங்களுக்கு அந்த வழக்கம் மட்டும் விடவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பதிவு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரமோ டயோசிஸ் (மறைமாவட்ட) கடிதமோ அதற்கு ஈடாகாது. பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக 2007இல் வந்த ஒரு செய்தியிலிருந்து எழுந்த வழக்கில்தான், 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இல்லங்களைப் பதிவு செய்து கண்காணிக்கச் சொன்னது. அலுவலக அறையில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, தேதி காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து போக வேண்டும். வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது முதல் இருபத்துநான்கு மணி நேரம். மிஷன் வட்டாரத்தில் மிக அதிகமாகத் தப்பு நடப்பது இங்கேதான். விஷயம் முதலில் போதகர் காதுக்கு வருகிறது. அவர் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு விசாரிக்கிறார். பிறகு போதகரம்மா. பிறகு சபை நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டியில் இரண்டு பேர். சில இடங்களில் ஒருவர் போனில் வீடியோ வேறு எடுத்துவைக்கிறார். இவர்கள் யாருக்கும் அந்த வேலை இல்லை. காவல்துறையிடமும் நீதித்துறை நடுவர் முன்பும் அந்தப் பிள்ளை மறுபடி சொல்லத்தான் போகிறது. பயந்த பிள்ளை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லும். அந்த வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளை தானாகச் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதியும் நேரமும் போடுங்கள். வலி இருக்கிறதா, இன்று இரவு அந்த ஆள் அருகில் வர முடியுமா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ தகவல் கொடுங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகவல் தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. குருவானவர், சிஸ்டர், ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்று யாருக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. இதைச் சபையில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சபைக்காரராக இருந்தால் “ரெண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடலாம்” என்ற யோசனை வந்தே தீரும். இந்த யோசனையை ஒரு இல்லமே சொன்னால் அது பூஜ்யம் வாங்குகிறது.

மருத்துவத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் கூச்சமானவை, ஆனால் கேட்டே ஆக வேண்டியவை. பிள்ளையைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஜெபம் பண்ணி, மறுநாள் கூட்டிப்போகும் பழக்கம் இருந்தால் தடயம் போய்விடும். நடந்தபோது உடுத்திய துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் உலரவிட்டு, தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல், தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பிருப்பதாகக் கொள்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தொடர வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நம்பிக்கையான ஒருவர் உடனிருக்க வேண்டும். இரண்டு விரல் பரிசோதனை கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. முதல் சிகிச்சை அரசு மருத்துவமனையிலும் தனியாரிலும் இலவசம். எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது.

அவசர கருத்தடை மாத்திரையிலும் கருக்கலைப்பிலும் சில இல்லங்களுக்கு, குறிப்பாகக் கத்தோலிக்க இல்லங்களுக்கு, மனச்சாட்சித் தடை உண்டு. அந்த நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மாத்திரைக்கு ஐந்து நாள்தான் கெடு. சட்டப்படிக் கருக்கலைப்பு வயது வராத பெண்ணுக்கும் வன்புணர்வுக்கு ஆளானவருக்கும் 24 வாரம் வரை. அதற்குப் பின் மருத்துவக் குழு, நீதிமன்றம் என்று இழுக்கும். தீர்மானிக்க வேண்டியவர்கள் பிள்ளையும் பாதுகாவலரும்தான். இல்லம் தானே செய்ய முடியாது என்றால் முதல் நாளே சொல்லி அரசு மருத்துவமனையோடு இணைத்துவிட வேண்டும். பேசாமல் நாள் கடத்துவது அந்தப் பிள்ளைக்காக வேறொருவர் முடிவெடுப்பதாகும்.

இனி நல்ல செய்தி. இரவுப் பராமரிப்பில் இந்த இல்லங்கள் தனியே நிற்கின்றன. சம்பளத்துக்கு ஷிஃப்ட் மாறும் வார்டன் போலல்லாமல் இங்கே அக்காவோ சிஸ்டரோ அங்கேயே வாழ்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு அலறி எழும் பிள்ளைக்கு எப்போதும் அதே முகம். நல்ல இல்லத்தில் வராந்தா விளக்கு அணைவதில்லை. தூங்கும் பிள்ளையைத் தொட்டு எழுப்பாமல் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி எழுப்புகிறார்கள். படுக்கையை நனைத்த பிள்ளைக்கு மாற்று விரிப்பு அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரிய பிள்ளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் ஒரே அறையில் கலந்து படுக்க வைப்பதில்லை. காயம்பட்ட பிள்ளைகளில் சிலர் தங்களுக்கு நடந்ததை இன்னொரு பிள்ளையிடம் செய்து பார்ப்பதுண்டு என்பதால் இது முக்கியம். இளைஞர் நீதிச் சட்டத்தின் மாதிரி விதிகள் படுக்கையறையில் ஆளுக்கு 40 சதுர அடி, ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்கின்றன. குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே தள்ளிப் பாருங்கள். அதில்லாத இடத்தில் மற்ற அளவுகள் சரியாக இருந்தும் பயனில்லை.

ஆண் பிள்ளைகளுக்கான இடம் மிகக் குறைவு. போக்சோ ஆண், பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் பையன்களுக்கான இல்லங்கள் பெரும்பாலும் தெருவோரச் சிறுவர்களை மனதில் வைத்து அமைந்தவை. கால்பந்தும் தொழிற்பயிற்சியும் கிடைக்கும், ஆலோசகர் கிடைப்பது அரிது.

மனநலச் சிகிச்சையும் ஜெபமும் சந்திக்கும் இடத்தில் நாங்கள் அதிக நேரம் செலவிடுவோம், நீங்களும் செலவிடுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் வாரம் ஒருமுறை தவறாமல் வர வேண்டும். இதற்கென்று உலகெங்கும் அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைமுறை 12 முதல் 16 அமர்வு வரை போகும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ. உடலை அமைதிப்படுத்தக் கற்றுக்கொடுப்பதில் தொடங்கி, பிள்ளை தயாரான பின்புதான் நடந்ததற்குள் போகிறது. ஒரு நாள் முகாமில் இருபது பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து “மனதில் உள்ளதைக் கொட்டுங்கள்” என்பது சிகிச்சை ஆகாது. கொட்டியதை அள்ள ஆளில்லாமல் முகாம்காரர்கள் சாயங்காலமே வண்டியேறிவிடுவார்கள்.

ஜெபம் பிள்ளைகளுக்குப் பலம் தருவதைப் பார்க்கிறோம். மாலைக் குடும்ப ஜெபத்தின் ஒழுங்கே சில பிள்ளைகளுக்கு அன்றைய நாளில் நம்பக்கூடிய ஒரே விஷயமாக இருக்கும். கெடுதல் மூன்று வழியில் வருகிறது. முதலாவது, மன்னிப்பை அவசரப்படுத்துவது. “ஏழெழுபது தரம்” என்ற வசனத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லி, அந்த மாமாவை மன்னித்துவிட்டாயா என்று கேட்டால், குற்றத்தின் பாரம் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறுகிறது. அடுத்த வாய்தாவில் சாட்சி சொல்லத் தயங்கும் பிள்ளைகளிடம் விசாரித்தால், இந்தக் கேள்வி பல நேரம் பின்னால் நிற்கும். இரண்டாவது, விடுதலை ஜெபம். பழைய நினைவு தாக்கும்போது பிள்ளை விறைத்துப்போகலாம், கண் நிலைகுத்தலாம், விழுந்து வலிப்பு மாதிரி உதறலாம், குரல் மாறலாம். இதைப் பிசாசு என்று எடுத்துக்கொண்டு நாலு பேர் கையைக் காலைப் பிடித்து அழுத்தி உரக்க ஜெபித்தால், முதலில் நடந்த வன்முறையே திரும்ப நடப்பதாகத்தான் அந்த உடம்புக்குத் தெரியும். மூன்றாவது, கேட்காமல் தலையில் கை வைப்பது. “கை வைத்து ஜெபிக்கட்டுமா, தள்ளி உட்கார்ந்து ஜெபிக்கட்டுமா, இன்றைக்கு வேண்டாமா?” என்று கேட்கப் பழகிய இல்லங்கள் இருக்கின்றன. அங்கே பிள்ளை “வேண்டாம்” சொல்லவும் கற்கிறது.

வேதத்திலேயே இதற்கு இடம் உண்டு. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை, கோபத்தோடு ஜெபிக்கலாம் என்று காட்டப் பயன்படுத்துகிறவர்களுக்கு எங்கள் முழு ஆதரவு. ஊழியர் பயிற்சியில் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்கிறோம். தாமாருக்குக் கொடுமை நடந்த பிறகு அண்ணன் அவளை “மவுனமாயிரு” என்கிறான். தாவீது ராஜா வெகு கோபமடைகிறான், ஆனால் ஒன்றும் செய்வதில்லை. சேகரக் கமிட்டிகளுக்கு இதைவிட நேரான பாடம் கிடைக்காது. பிள்ளைகளுக்கு அந்த அதிகாரம் வேண்டாம்.

வேற்று மதப் பிள்ளை வந்தால் பதிவேட்டில் மதமோ பெயரோ மாறக் கூடாது, ஜெபக் கூட்டத்துக்கு வராவிட்டால் டிபன் தாமதமாகக் கூடாது. நன்றிக் கடனில் வரும் சம்மதத்தைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

நீதிமன்றத்துக்கு வருவோம். தக்க காரணத்தைப் பதிவு செய்தாலொழிய, வழக்கு முழுதும் உடனிருந்து உதவும் ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு பிள்ளைக்கு நியமிக்க வேண்டும். போக்சோவின் 2020 விதிகளின்படி இல்லத்தின் அலுவலரே அந்தப் பொறுப்பை ஏற்கவும் இடமுண்டு. குற்றச்சாட்டு இல்லத்தோடு தொடர்புள்ள ஆள் மீது என்றால் மட்டும் வெளியாள்தான் வேண்டும். சட்டத்தின் கணக்குப்படி, நீதிமன்றம் வழக்கை ஏற்றதிலிருந்து 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியமும் ஓராண்டுக்குள் விசாரணையும் முடிய வேண்டும். நடைமுறையில் நீள்கிறது. இந்த நீட்சியில்தான் துறவற சபைகளின் ஒரு பழக்கம் குறுக்கே வருகிறது: சில வருஷத்துக்கு ஒருமுறை மே, ஜூனில் வரும் இடமாற்றம். பிள்ளை நம்பிய சிஸ்டர் வழக்கின் நடுவில் வேறு மாவட்டம் போய்விடுகிறார், புதிதாக வந்தவர் “என்னம்மா நடந்தது, எனக்குச் சொல்லு” என்று ஆரம்பத்திலிருந்து கேட்கிறார். முதல் நாளிலிருந்தே இரண்டு பேருக்கு வழக்கு தெரிந்திருப்பதும், சாட்சியம் முடியும்வரை அவர்களில் ஒருவராவது மாறாதிருப்பதும் இதற்கு மருந்து. அந்தத் துறவற சபையின் மாகாணத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினால் நடக்கக்கூடியதுதான்.

வாய்தா நாளுக்கு எப்படித் தயாராகிறார்கள் என்று கேட்டாலே இல்லத்தின் தரம் தெரிந்துவிடும். முந்தின வாரம் காலி நீதிமன்ற அறையைப் பிள்ளைக்குக் காட்டிவிடுகிறார்களா? இல்லத்தின் பெயர் எழுதிய வேனை வாசலில் நிறுத்தாமல் வாடகை ஆட்டோவில் போகிறார்களா? எல்லாருக்கும் ஒரே மாதிரித் தைத்த உடையைத் தவிர்க்கிறார்களா? குற்றவாளியின் உறவினர் நிற்கும் வராந்தாவில் உட்கார வைக்காமல் தனி அறை கேட்கிறார்களா? பிள்ளை குற்றவாளியைப் பார்க்காமல் திரை மறைவிலோ காணொளியிலோ சாட்சி சொல்ல 36ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே மனு கொடுக்கச் சொல்ல வேண்டும். பரீட்சை நாளில் வாய்தா விழுந்தால் அதையும் அவரிடமே சொல்ல வேண்டும். பதில் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குப் பாடம் நடத்துவது மட்டும் கூடவே கூடாது. “தெரியாது என்றால் தெரியாது என்று சொல், கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேள்” என்பதோடு தயாரிப்பு முடிய வேண்டும்.

பணமும் படமும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ 23ஆம் பிரிவு இன்னும் கடுமை. கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இல்லத்தின் பெயர், ஊர், வயது, “அப்பாவால் கெடுக்கப்பட்ட” என்ற வரி நான்கும் சேர்ந்தால் அந்தக் கிராமமே ஆளைக் கண்டுபிடித்துவிடும். பெயரை மாற்றிவிட்டுக் கதையை அப்படியே அச்சிடும் ஜெபக் கடிதத்திலும் இதே குறைதான். கன்வென்ஷன் என்னும் ஜெபப் பெருங்கூட்டத்தின் மேடையில் பிள்ளையை நிறுத்திச் சாட்சி சொல்ல வைப்பது எல்லாவற்றிலும் மோசம். கைதட்டலுக்கும் காணிக்கைக்கும் பிறகு அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போயாக வேண்டும். பணம் கொடுக்கிறவர்கள் பிள்ளையின் கதையைக் கேட்காதீர்கள். தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள், ஆலோசகர் எத்தனை அமர்வு நடத்தினார் என்று கேளுங்கள், வழக்குகள் எந்தக் கட்டத்தில் உள்ளன என்று எண்ணிக்கையில் கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் இல்லம், அதற்கான சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும். அலுவலகச் செலவு போலத் தோன்றும் ஊழியர் பயிற்சிக்கும் கோப்புப் பராமரிப்புக்கும் உள்ளூர்ப் பணம்தான் பெரும் உதவி. வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம் வந்து பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போகும் குழுக்களைத் தங்கும் பகுதிக்குள் விடாத இல்லத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

கடைசியாக வெளியேறுதல். இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பதே சட்டத்தின் கொள்கை. பாதுகாப்பான அத்தையோ பாட்டியோ இருந்தால் அங்கே அனுப்பி, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க முடியும். எண்ணிக்கை குறையுமே என்று பிள்ளையைப் பிடித்துவைக்கும் இல்லமும் உண்டு, விசாரிக்காமல் விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடும் இல்லமும் உண்டு. இரண்டாவதில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் குற்றம் செய்தவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர். பதினெட்டு முடிந்தவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உண்டு. அதையும் தாண்டி வேலை, கல்யாணம், முதல் பிரசவம் வரை கூடவே வரும் சிஸ்டர்களும் அக்காக்களும் இந்தச் சேவையின் மிகப்பெரிய பலம். வேறெந்த அமைப்பிலும் இதை நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் பழைய விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை இல்லம் முடிவு செய்யக் கூடாது.

வெளியேறும் நாளில் அவள் கையில் இருக்க வேண்டியவை: ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், தன் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம், இழப்பீடு கிடைத்திருந்தால் அதன் வைப்புநிதி ரசீது (தேசிய சட்டப் பணிகள் ஆணையத் திட்டப்படி வயது வராதவருக்கான தொகையில் 80 சதவீதம் வைப்புநிதியில் இருக்கும்), தீர்ப்பு நகல், மருத்துவக் குறிப்புகள். ஆலோசகரின் குறிப்பும் வழக்குக் கோப்பும் இல்லத்தில் எந்த அலமாரியில் இருக்கின்றன, சாவி யாரிடம், எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.